கடை லாபத்தில் ஊருக்கு ஒரு பங்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு பட்டணத்தில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டால் ஊர் தேடி வரும். கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசுக் கிண்ணம், திடீரென்று போய்ச் சேர்ந்தவரின் காரியச் செலவு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு முதல் தவணைப் பணம் என்று வருடம் முழுக்கக் கேட்பார்கள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. இங்கே கையில் காசு புழங்கும் இடம் கடைதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நல்லா சம்பாதிச்சா நாலு பேருக்குச் செய்யலாம் என்று நாமும் சொல்லிக்கொண்டேதான் தொழிலில் இறங்குகிறோம். ஆனால் சம்பாத்தியம் எந்த இடத்தில் கொடையாக மாறுகிறது, எவ்வளவு கொடுத்தால் கடை தாங்கும், எதற்குக் கொடுத்தால் அந்த நாலு பேருக்கு உண்மையில் விடிவு வரும் என்று கணக்குப் போட்டுப் பேசுபவர்கள் குறைவு. ஒட்டுக்கடையோ, மளிகையோ, லோரி ஓட்டமோ, கேட்டரிங்கோ புதிதாகத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

தோட்டப்புறத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம்

தோட்டம் நடந்த காலத்தில் லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், மருந்துக் கொட்டகை, ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளி எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொடுத்ததெல்லாம் அரைகுறைதான். ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், அவரே கிராணியின் கணக்கையும் எழுதுவார். இருந்தாலும் ஒரு குறை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றைக்கும் வேதனையோடு சொல்வது அதைத்தான். பிறகு பால் மரமான ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. எல்பில், டவன்பி, ஹேவுட் என்று தோட்டத்துப் பெயரைச் சொல்லியே தன் ஊரைச் சொன்ன குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டம் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்து செய்யும் பொறுப்பு எவர் கைக்கும் முழுதாகப் போகவில்லை.

தமிழ்ப்பள்ளிகளில் அது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாததால் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. கட்டடம், பராமரிப்பு என்று வரும்போது அரசாங்க ஒதுக்கீடு வந்தாலும் அது போதாது. மிச்சத்துக்குப் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆள் தேடி அலைகின்றன. ஒழுகும் கூரை, சுற்றாத காற்றாடி, கதவில்லாத கழிவறை இதற்கெல்லாம் முதலில் ஞாபகத்துக்கு வருபவர் பட்டணத்து வியாபாரிதான்.

விற்பனை ஒன்று, மிச்சம் வேறு

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கல்யாணம், காதணி விழா, பதினாறாம் நாள் காரியம் என்று சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா, பட்டணத்தில் சிறிய சமையற்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வேலைக்கு மூன்று பேர், ஒரு பழைய வேன்.

மாத விற்பனை 25,000 ரிங்கிட். அதில் பாதி, அதாவது 12,500, அரிசி, கோழி, எண்ணெய், காய்கறிக்கே போய்விடும். மூன்று பேருக்கும் இப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வீதம் 5,100. முதலாளி தன் பங்குக்குக் கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அது சுமார் 663. சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளலாம். கூட வாடகை 1,200, கேஸ், மின்சாரம், தண்ணீர் 1,100, வேன் தவணையும் பெட்ரோலும் 1,400. எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 2,937 ரிங்கிட். அக்காவின் வீட்டு அடுப்பும் இதில்தான் எரிய வேண்டும். வீட்டுக்கு 2,500 எடுத்தால் மிஞ்சுவது 437.

ஊர் பார்ப்பது அண்டாக்களையும் வேனையும் ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நிற்கும் கூட்டத்தையும். கோயில் செயலாளர் வருவார். “அக்கா, ஆறாம் நாள் உபயம் ஒங்க பேர்ல போட்டாச்சு. ஆயிரத்தைந்நூறு வெள்ளிதான்கா.” அக்காவால் இல்லை என்று சொல்ல முடியாது, கொடுத்துவிடுவார். அந்தப் பணம் லாபத்திலிருந்து வரவில்லை. அடுத்த வாரம் கோழிக்காரருக்குக் கொடுக்க எடுத்துவைத்த பணம் அது. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட மிச்சத்தை ஒரே நாளில் கொடுத்தாகிவிட்டது. கோழிக்காரரிடம் கடன் சொல்லி, அவர் விலையை ஏற்றி, மறுமாதம் மிச்சம் இன்னும் இளைக்கும். நல்ல மனசுக்காரர்களின் கடை மூடுவதற்கு நான் பார்த்த காரணங்களில் இது முக்கியமானது.

அதே கடையின் விற்பனை 40,000 ஆகிறது என்று வையுங்கள். சரக்குக்குப் பாதி, 20,000. வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்து நான்கு பேருக்கு 6,800, சேமநிதி 884, சொக்சோவும் காப்புறுதியும் 130. சமையற்கூடம் அதேதான், ஆகையால் வாடகை அதே 1,200. கேஸ், மின்சாரம் 1,600, வேன் 1,700. மிச்சம் 7,686. அக்கா தன் வீட்டுச் செலவை 3,500 ஆக உயர்த்திக்கொண்டாலும் 4,186 ரிங்கிட் நிற்கிறது.

விற்பனை ஒன்றரை மடங்கு சொச்சம் ஏறியது. மிச்சமோ 437இலிருந்து 4,186க்கு, ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. காரணம் எளிது. சரக்கும் ஆள் கூலியும் விற்பனையோடு சேர்ந்து ஏறும். வாடகை ஏறாது, வேன் தவணை ஏறாது, அதே அண்டாவில் இன்னும் இரண்டு கல்யாணத்துக்குச் சமைக்கலாம். நிலையான செலவைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் கடைக்கு நிற்கும் பங்கு பெரிது. தொழில் வெற்றி கொடைக்கு வழிவிடும் இடம் இதுதான். அந்த இடத்தை எட்டும்வரை ஊருக்குக் கொடுப்பதைச் சிறிதாக வைத்துக்கொண்டு கடையை வளர்ப்பதில் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வளர்ந்த கடைதான் நாளைக்குப் பெரிதாகக் கொடுக்கும்.

இன்னொன்றையும் தொழிலுக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஏட்டில் லாபம் இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது. கம்பெனி விருந்துக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, பணம் வர இரண்டு மாதம் காத்திருப்போம். வராத பணத்தை நம்பி மேடையில் நன்கொடை அறிவிக்கக் கூடாது.

முதலில் கொடுக்க வேண்டியவர்கள்

ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வரிசை உண்டு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வேலையாட்களின் சம்பளம், அவர்களுடைய சேமநிதி, சொக்சோ, சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி, அரசாங்க வரி, கெட்ட காலத்துக்குக் கடைச் சேமிப்பு. இவ்வளவும் போன பிறகு நிற்பதுதான் கொடைக்குரிய பணம்.

சேமநிதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பட்டணங்களில் அதிகம் விடுபடுவது அதுதான். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். முதலாளி 13 விழுக்காடு, வேலை செய்பவர் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு. 1,700 சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் 400 ரிங்கிட்டுக்கு மேல் சேர்கிறது. பத்து வருடத்தில் வட்டியில்லாமலே ஏறக்குறைய 49,000. தோட்டத்தில் முதுகொடிய உழைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்த பெற்றோரின் பிள்ளை அவள். அவளுக்கு அதைக் கட்டாமல் விட்டுவிட்டு மண்டபச் சுவரில் பளிங்குக் கல்லில் பெயர் பொறித்தால், அது அவளுடைய பணத்தில் செய்த தர்மம்.

நியாயமான சம்பளத்தோடு ஐந்து பேருக்கு வேலை கொடுக்கும் கடை, ஒரு நயா பைசா நன்கொடை கொடுக்காவிட்டாலும் ஊருக்குப் பெரிய காரியம் செய்கிறது.

எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு நம் வியாபாரிகள் வெகுகாலம் முன்பே விடை கண்டுவிட்டார்கள். மகமை என்று பெயர். தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கத்து நாடார் வியாபாரிகள், பேட்டைக்குள் வந்து போகும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தார்கள். தொகை சிறிது, ஆனால் எல்லாரும் வைத்தார்கள், தினமும் வைத்தார்கள். அதிலிருந்து கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது. காமராஜர் படித்தது அங்கேதான்.

மகமையில் நான் மதிப்பது, அது கணக்கேட்டில் ஒரு வரியாக இருந்ததுதான். கேட்க வந்தவரின் முகத்தையும் அன்றைய மனநிலையையும் பொறுத்து எடுத்த பணம் அல்ல. நாமும் அப்படியே செய்யலாம். வீட்டுச் செலவும் போக நிற்கும் மிச்சத்தில் முதலில் கடைச் சேமிப்பு. கேட்டரிங் அக்கா 4,186இல் 2,000 ரிங்கிட்டை அதற்கு ஒதுக்கட்டும். வேன் கெடும், குளிர்பதனப் பெட்டி நிற்கும், அதற்குத்தான் அது. மிச்ச 2,186இல் ஊருக்கென்று மாதம் 400. வருடத்துக்கு 4,800.

சதவீதம் உங்கள் விருப்பம். பத்தும் இருபதும் நல்ல தொடக்கம். ஆரம்பத்தில் ஐந்து விழுக்காடு என்றாலும் பரவாயில்லை. பேராசையோடு கத்தியை ஆழமாக இறக்கிப் பால் வெட்டினால் அன்றைக்கு இரண்டு மங்கு கூடுதலாக வடியும், ஆனால் மரத்தில் காயம் விழுந்து பட்டை ஒழுங்காகத் திரும்ப வராது; அளவாகச் சீவிய மரம் இருபத்தைந்து வருடம் பால் தரும். நம் அப்பா அம்மா செய்த வேலை இது, அவர்களிடமே கேட்கலாம்.

அந்த 400 ரிங்கிட்டைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தனிக் கணக்கு இருந்தால் செயலாளர் வரும்போது கல்லாவைத் திறக்க வேண்டியதில்லை. “தம்பி, இந்த மாசம் ஊர்க் கணக்குல அறுநூறு இருக்கு. அதுல இருநூறு கோயிலுக்குத் தர்றேன்” என்று சொல்லலாம். கொடுப்பவருக்கும் உறுத்தல் இல்லை, கேட்பவருக்கும் வருத்தம் இல்லை.

முன்னே நடந்தவர்கள்

கோலாலம்பூர்ப் பக்கம் ஈயச் சுரங்கத் தொழிலில் பெரும் பணம் பார்த்தவர் தம்புசாமிப் பிள்ளை. 1850இல் பிறந்தவர். ரவாங்கில் சீன முதலாளி லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து சுரங்கம் நடத்தினார். சுரங்கத் தண்ணீரை இறைக்க 1890களிலேயே மின்சார இயந்திரம் வைத்தார்கள். அந்தத் தொழிலின் பலம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலாகவும் பத்துமலை முருகன் வழிபாடாகவும் நிற்கிறது. பத்துமலையில் தைப்பூசம் 1892ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 1893இல் நிறுவப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களிலும் அவர் ஒருவர். எல்லா இனத்துப் பிள்ளைகளும் படித்த பள்ளி அது. சாமிக்கும் கொடுத்தார், பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுத்தார் என்பதை நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் சுங்கை சிப்புட் மண்ணிலேயே துன் சம்பந்தன் இருந்தார். அவருடைய தந்தை வீராசாமி இங்கே ரப்பர்த் தோட்டம் போட்டு முன்னுக்கு வந்தவர். மகன் அந்தச் செல்வத்தோடு அரசியலுக்கும் பொதுவாழ்வுக்கும் வந்தார். 1954இல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது அவருடைய முயற்சியால். தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தபோது அவர் செய்த காரியத்தை நான் அதைவிடவும் பெரிதாக நினைக்கிறேன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் வெட்டும் மக்களிடம் பேசிப் பங்குப் பணம் சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளிகளின் சங்கத்துக்கே சொந்தமானது.

அது தர்மம் இல்லை. தர்மம் கேட்டு நிற்கும் நிலை மக்களுக்கு வராமல் செய்த ஏற்பாடு. தொழிலாளியே பங்குதாரர், லாபம் அவருடைய குடும்பத்துக்கே திரும்பும். ஒருவர் சம்பாதித்துக் கொடுப்பது ஒரு வழி. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தாங்களே தொழில் நடத்தி அதில் வரும் லாபத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது இன்னொரு வழி. சின்ன வியாபாரிகள் ஐந்து பேர் சேர்ந்தால் இரண்டாவது வழியின் சிறு வடிவத்தை நம் பட்டணத்திலும் செய்ய முடியும்.

எதற்குக் கொடுப்பது

அன்னதானத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். திருவிழா அன்று தோட்டத்திலிருந்து வந்த பாட்டி நிழலில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வருடம் 4,800 ரிங்கிட் முழுவதையும் ஒரே இடத்தில் போடாமல், பாதிக்கு மேல் படிப்புக்கு வையுங்கள் என்பது என் கருத்து.

படிப்பில் எங்கே இடறுகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மா தொழிற்சாலைக்குப் போகிறார். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்கும்தான். ஆனால் கடன் பணம் கைக்கு வருவதற்குள் பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, பஸ் டிக்கெட், மெத்தை விரிப்பு, வாளி, மின்விசிறி, முதல் சில வாரச் சாப்பாடு எல்லாம் வந்து நிற்கும். வீட்டில் இருப்பது அம்மாவின் ஒரு சங்கிலி. அது அடகுக் கடைக்குப் போகும். சங்கிலியும் இல்லாத வீட்டில் பிள்ளை, “அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் பேர் கொடுத்துவிடும். அந்த அடுத்த வருசம் பலருக்கு வருவதே இல்லை. ஓராயிரம் ரிங்கிட் சரியான வாரத்தில் கிடைக்காததால் ஒரு படிப்பு நின்றுபோகிறது.

இந்த இடத்தில் சின்னக் கடையின் பணம் அரசாங்கத்தைவிட வேகமாக ஓடும். பாரம் நிரப்பி, நேர்காணல் வைத்து, குழு கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அன்றைக்கே கொடுக்கலாம்.

அதைச் சுழல் நிதியாக வைத்தால் இன்னும் நல்லது. முதல் வருடம் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000 கொடுத்தால் 4,000 போகிறது, 800 நிற்கிறது. கல்விக் கடன் வந்த பிறகு மாதம் 50 வீதம் திருப்பித் தரச் சொல்லுங்கள், வட்டி வேண்டாம். பன்னிரண்டு மாதத்தில் நான்கு பேரிடமிருந்தும் 2,400 திரும்பும். அதோடு நின்ற 800, புதிதாகச் சேரும் 4,800, மொத்தம் 8,000. அடுத்து எட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஒருவர் இருவர் திருப்பித் தராமல் போவார்கள். துரத்தாதீர்கள், அதைக் கொடையென்றே எழுதிவிடுங்கள். திருப்பித் தருகிற பிள்ளை வாங்கியவராக மட்டும் நிற்காமல் தனக்கு அடுத்து வருகிறவருக்குக் கொடுத்தவராகவும் ஆகிறது. அந்தத் தன்மானத்தைக் காப்பதற்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் டியூசன் வகுப்புக்கு ஆசிரியர் சம்பளம், தோட்டத்து உட்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் கட்டணம் என்று மிச்சத்தைக் கொடுக்கலாம். பணமே வேண்டாம், படிப்பில் நாட்டம் குறைந்த ஒரு பையனைக் கடையில் சேர்த்துத் தொழிலும் கணக்கும் கற்றுக்கொடுப்பதும் கொடைதான்.

வரியும் சட்டமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.எச்.டி.என். என்ற உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுக்கும் நன்கொடையை, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். கழிவு என்றால் கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தனியாள் தொழிலாகப் பதிந்திருப்பவர் தனிநபர் விகிதத்தில்தான் வரி கட்டுவார். அவருடைய வரிவிதிப்புக்குரிய வருமானம் 80,000 ரிங்கிட் என்றால் அதன் உச்சப் படிக்கு விகிதம் 19 விழுக்காடு. 1,000 ரிங்கிட் கொடுத்தால் வரியில் 190 குறையும். மிச்ச 810 உங்கள் கைப்பணம். ரசீதில் அமைப்பின் பெயரும் அங்கீகார விவரமும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நேரடியாக ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

கடை செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக இருந்தால், கம்பெனிப் பணம் முதலாளியின் சட்டைப்பை அல்ல. இயக்குநர்கள் கூடி முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும். பங்காளிகளோடு நடத்தும் தொழிலிலும் எத்தனை விழுக்காடு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி கடைகளில் பிளவு வருவதற்கு, ஒருவர் தன் பெயரில் கொடுத்த உபயம் காரணமாகிவிடக் கூடாது.

பல வியாபாரிகள் சேர்ந்து நிதி திரட்டினால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிந்துகொள்வது நல்லது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்வதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். கூட்டு என்ற சீட்டுப் பிடித்து அதில் வரும் தள்ளுபடிப் பணத்தைக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். கூட்டு 1971லேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது.

லாபமில்லாத வருடம்

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்யாணமும் இல்லை, விருந்தும் இல்லை, கேட்டரிங் கடைகள் அப்படியே நின்றன. தோட்டப்புறத்தில் உதவி அதிகம் தேவைப்பட்ட மாதங்களும் அவைதான். ஊர்க் கணக்கில் ஏற்கெனவே பணம் சேர்த்து வைத்திருந்தவர்களால் அப்போது அரிசி மூட்டை இறக்க முடிந்தது. ஆகவே வருடம் சேரும் 4,800ஐயும் அந்த வருடமே செலவழிக்காமல் ஐந்தில் ஒரு பங்கையாவது ஊர்க் கணக்கிலேயே விட்டுவையுங்கள். சுழல் நிதியில் நான் சொன்ன கணக்கு அதற்கேற்பக் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

லாபத்தில் இத்தனை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் லாபம் இல்லாத வருடம் தொகையும் தானாகவே பூஜ்யமாகும். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம், முகம் கொடுக்காமல் ஒளியவும் வேண்டாம். செயலாளரிடம் நேராகவே சொல்லலாம்: “தம்பி, இந்த வருசம் கணக்குல பணம் இல்ல. அண்டா, அடுப்பு, வேன் எல்லாம் இருக்கு. மூணு நாளைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க, சமைக்க நானும் வர்றேன்.” கோயிலுக்குப் பாத்திர வாடகையும் சமையல் கூலியும் அப்படியே மிச்சம். அதற்கு வரிக் கழிவு மட்டும் கிடைக்காது, 44(6) பணமாகக் கொடுப்பதற்குத்தான்.